வரம்பில நிக்கிற அறுகைச் செருக்காதேங்கோ

வணக்கம் உறவுகளே, இண்டைக்கு யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில எங்கட வயலடியில நிக்கிறன், காத்துச் சத்தம் கொஞ்சம் கேக்கும். கமராவைக் கிட்டக் கொண்டு போறன் பாருங்கோ, வரம்பு முழுக்கப் படர்ந்து கிடக்கிறது அறுகு, பிள்ளையாருக்கு வைக்கிற அதே அறுகம்புல்லு. வெளிநாட்டில பெர்மியூடா புல்லு எண்டுவினம், ஆனா அது பெர்மியூடாத் தீவில பிறந்ததில்ல, எங்கட பக்கத்துப் புல்லுத்தான்.

இந்தா இந்தக் கொடியை இழுக்கிறன்... வருதில்ல. ஒவ்வொரு கணுவிலயும் வேர் விட்டிருக்கு, மேல ஓடுற கொடி ஒண்டு, மண்ணுக்குள்ள ஓடுற தண்டு வேற, ரெண்டும் சேர்ந்து பாய் இழைச்ச மாதிரி மண்ணைப் பிடிச்சு வைச்சிருக்கு.

ஒரு மாரிக்கு முன்னம் நான் வரம்பு துப்புரவா இருக்கோணும் எண்டு ஆள் பிடிச்சு உழவாரத்தால மண் தெரியத் தெரியப் புல்லைச் செதுக்கிச் செருக்குவிச்சன். கார்த்திகையில விடாம ரெண்டு நாள் மழை, விடிய வந்து பாத்தா செருக்கின பக்கம் கரைஞ்சு உடைச்சுக்கொண்டு போட்டுது, வயல்ல நிண்ட தண்ணியும் பசளையும் எல்லாம் வாய்க்காலுக்க போட்டுது, செருக்காம விட்ட பக்கம் அப்பிடியே நிக்குது. அண்டைக்கு எனக்கு உண்மையா அழுகை வந்தது.

மாடு ஆட்டுக்கு இதைவிட நல்ல மேச்சல் என்ன இருக்கு சொல்லுங்கோ, எங்கட ஆடுகள் மற்றப் புல்லை விட்டிட்டு முதல்ல இதிலதான் வாய் வைக்கும். மேஞ்சாலும் அரிஞ்சாலும் திரும்பத் தழைக்கும், ஏனெண்டா உயிர் நிலத்தோட ஒட்டின தண்டில இருக்கு. கோடையில காஞ்சு வைக்கோல் மாதிரிக் கிடக்கும், செத்துப்போச்செண்டு நினைப்பியள், மழை விழுந்து கொஞ்ச நாளில பச்சை வந்திடும். கலியாணத்தில அறுகரிசி போட்டு வாழ்த்துறதும் சும்மா இல்ல.

வெங்காயத் தோட்டத்துக்குள்ள வந்தா கரைச்சல்தான், ஒரு துண்டு மிஞ்சினாலும் முளைக்கும், அங்க கிண்டி எடுங்கோ, அது நியாயம். ஆனா வரம்பிலயும் குளக்கட்டிலயும் கிடக்கிறதை மருந்தடிச்சு எரிக்காதேங்கோ, மாட்டுக்கு வேணுமெண்டா அரிவாளால மேலால அரிஞ்சு எடுங்கோ, வேர் கிடக்கட்டும். நடுறதெண்டா 2, 3 கணு உள்ள துண்டா வெட்டி ஐப்பசி மழை தொடங்கேக்க ஈர மண்ணில புதைச்சு விட்டாக் காணும், வெயில் படுற இடமா இருக்கோணும், மாமர நிழலுக்க சரிவராது.

உடைஞ்ச இடத்துக்கு ரெண்டு கடகம் கொடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறன், இருங்கோ கமராவை இந்தக் கட்டையில வைச்சிட்டு நடத் தொடங்கிறன்.