வெட்டிப் பேச்சு வேண்டும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும், நான் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி நண்பர்களுக்கும், வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு எங்கள் பேச்சைக் கேட்க வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

"வெட்டிப் பேச்சு பொழுதைக் கெடுக்கிறதா, உறவை வளர்க்கிறதா?" இதுதான் இன்றைய தலைப்பு. உறவை வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தம்பி எடுத்த எடுப்பிலேயே வள்ளுவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். "பயனில்சொல் பாராட்டு வானை மகன்எனல் மக்கட் பதடி எனல்." பயனில்லாததைப் பேசித் திரிகிறவன் மனிதரில் பதர் என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். தம்பி, 20-ஆம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டீர்களே! 115-ஆம் அதிகாரம் வரை புரட்டியிருக்க வேண்டாமா? அலரறிவுறுத்தல். ஒரு காதலைப் பற்றி ஊர் வாய் என்ன பேசுகிறது என்பதற்கே பத்துக் குறள் ஒதுக்கியிருக்கிறார். அதில் ஒன்று: "ஊரவர் கௌவை எருவாக அன்னைசொல் நீராக நீளும்இந் நோய்." ஊரார் பேசுவது எரு, அம்மா திட்டுவது தண்ணீர், இரண்டையும் வாங்கிக்கொண்டு காதல் வளர்கிறதாம். கெடுக்கிறதா, வளர்க்கிறதா என்று நடுவர் கேட்கிறார். எரு எதற்குப் போடுவார்கள் என்று விவசாயம் தெரிந்த யாரையாவது கேட்டுக்கொள்ளட்டும்.

சரி, அடுத்து. டீக்கடையிலும் சலூனிலும் ஒரு பலகை தொங்கும், பார்த்திருப்பீர்கள். "இங்கு அரசியல் பேசாதீர்கள்." அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் அரசியல் பேசுவார்கள். இந்தப் பலகையை ஒரு நாடு முழுவதற்கும் மாட்டிப் பார்த்த ராஜா ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ். 1675 டிசம்பரில் காபிக் கடைகளை எல்லாம் இழுத்து மூடச் சொல்லி ஆணை போட்டார். காரணம்? வேலைவெட்டி பார்க்க வேண்டியவர்கள் அங்கே போய் உட்கார்ந்து பொழுதைக் கழிக்கிறார்கள், அரசாங்கத்தைப் பற்றிக் கண்டதையும் கிளப்பிவிடுகிறார்கள். தம்பி சொன்ன அதே காரணம்தான்! ஜனவரி 10 முதல் ஒரு கடை இருக்கக் கூடாது என்றார். எதிர்ப்பு கிளம்பிய கிளம்பலில், அந்தத் தேதி வருவதற்குள் ராஜாவே ஆணையை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

அதே லண்டனில் சில வருஷம் கழித்து எட்வர்ட் லாயிட் என்பவரின் காபிக் கடை. மாலுமிகளும் கப்பல் முதலாளிகளும் அங்கே கூடி, எந்தக் கப்பல் கிளம்பியது, எது கரை சேரவில்லை என்று பேசுவார்கள். அந்தக் கடையில் முளைத்ததுதான் இன்றைக்கும் இருக்கிற லாயிட்ஸ் ஆஃப் லண்டன் என்ற இன்சூரன்ஸ் சந்தை. ஆனால் "பார்த்தீர்களா, பேச்சில் பணம் வந்தது" என்று வாதாட நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் எதிரணி வலையில் நானே போய் விழுந்த மாதிரி. லாபம் வந்தால்தான் பேச்சுக்கு மதிப்பு என்று ஆகிவிடும். அந்தக் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் காபி குடித்துவிட்டு, யாரையாவது திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் அவர்கள் கட்சி.

இன்னொன்று. ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசினால் அது அரசியல், கிரிக்கெட் அலசல். நாங்கள் நாலு பேர் நின்று பேசினால் மட்டும் புறணியா? எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நிற்போம். எந்த ரேஷன் கடையில் பாமாயில் போடுகிறார்கள், யார் வீட்டு மாப்பிள்ளை துபாயிலிருந்து வந்திருக்கிறார், எந்த டாக்டர் ஊசி போடாமல் அனுப்புவார், எல்லாம் அலசுவோம். ஒரு நாள் வரிசையில் மூன்றாம் வீட்டு ஆச்சியின் பச்சைக் குடத்தைக் காணோம். "ஆச்சி குடம் எங்கே?" என்று ஒருத்தி கேட்டாள். போய்ப் பார்த்தால் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். பிள்ளை சிங்கப்பூரில். பாசமான பிள்ளைதான், காலையில் ரோஜாப்பூ போட்டு குட் மார்னிங் அனுப்பியிருந்தார். ரோஜாப்பூ போய்ச் சேர்ந்துவிட்டது. நீல டிக் மட்டும் விழவில்லை.

ஆச்சியிடம் நாங்கள் என்ன பேசிவிட்டோம்? அவர் மருமகளைக் குறை சொல்வார், நாங்கள் "அப்படியா ஆச்சி" என்போம். ஒரு நயா பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லாத பேச்சு. அதைத் தினமும் கேட்டு நின்றதால்தான் அவர் குடம் பச்சை என்று எங்களுக்குத் தெரியும்.

ராபின் டன்பார் என்று இங்கிலாந்தில் ஒரு ஆய்வாளர். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து உறவைக் காப்பாற்றிக்கொள்கின்றன, மனிதக் கூட்டம் பெருகியதும் ஒவ்வொருவருக்கும் பேன் பார்க்க நேரம் போதவில்லை, அந்த இடத்தைப் பிடிக்கத்தான் பேச்சு வந்தது என்பது அவர் கட்சி. மக்கள் இயல்பாகப் பேசுவதைக் கவனித்தபோது, மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஊர்க்கதையாகத்தான் இருந்ததாம். எல்லா ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் இந்தச் சண்டையே கிடையாது. திண்ணையில் பேன் பார்த்துக்கொண்டே பேசுகிறோம்.

எதிரணி சகோதரி பிள்ளையார் பால் குடித்த கதையை எடுத்தார். 1995 செப்டம்பர் 21. உண்மைதான், நாடு முழுக்கக் கோயில் வாசலில் சொம்போடு வரிசை. சாயம் கலந்த பாலைக் கொடுத்துப் பார்த்த விஞ்ஞானிகள், பால் சிலை மேலேயே வழிந்து இறங்குவதைக் காட்டினார்கள். வெட்டிப் பேச்சு வதந்தியைச் சுமக்கும், மறுக்கவில்லை. வம்புப் பேச்சால் படிப்பு நின்றுபோன பெண்களும் உண்டு. அந்த நாக்குகளுக்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் நேரில் பேசும்போது, "நீ கண்ணால பார்த்தியா?" என்று கேட்க எதிரில் ஒரு ஆள் இருப்பார். 2018-இல் குழந்தை கடத்தும் கும்பல் என்று செல்போனில் ஒரு வதந்தி ஓடியதே, நம் மாநிலத்திலும் உயிர் போனதே, அங்கே கேட்க யார் இருந்தார்கள்? கடைசியில் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்துக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸப்பே கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். இதோ முடித்துவிடுகிறேன் ஐயா. வெட்டிப் பேச்சைக் குறைத்தால் நேரம் மிச்சமாகும் என்று எதிரணியில் இதுவரை பேசிய மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள். திண்ணையை இடித்து பைக் நிறுத்த இடம் பண்ணியாயிற்று, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமலேயே குடியிருக்கப் பழகியாயிற்று. மிச்சமான அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள்? ரீல்ஸ் பார்த்ததைத் தவிர வேறு எதையாவது சொல்ல வேண்டும். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகட்டும். நன்றி, வணக்கம்.