தண்ணி பீய்ச்சாத மோட்டார்

நேயர்களுக்கு வணக்கம். வடகடலான பாக் விரிகுடாவிலும் தென்கடலான மன்னார் வளைகுடாவிலும் வள்ளத்தின் பின்னால் பழைய இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரை மாட்டித் தொழில் செய்கிறவர்களுக்காக இந்தப் பேச்சு. பிளக்கோ கார்புரேட்டரோ மக்கர் செய்தால் மோட்டார் நிற்கும், சரிசெய்தால் திரும்ப ஓடும். கடல்தண்ணீரை உறிஞ்சி இஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்பு போனால் அப்படியில்லை. சூடு ஏறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஓடும் மோட்டாரின் பின்புறம் மெல்லிய தண்ணீர்த் தாரை ஒன்று பீய்ச்சும். மிகப் பழைய ஜான்சன், எவின்ரூட் மாடல்கள் பலவற்றில் தனித் தாரை கிடையாது. பின்பக்க ஓட்டையில் புகையோடு சேர்ந்து துளித்துளியாகத் தெறிக்கும். அதைப் பார்த்து 'தண்ணி வரலை' என்று பிரிக்க ஆரம்பிக்காதீர்கள். தாரை உள்ள மோட்டாரில் அது நின்றுபோனால், முதலில் தூண்டில் நரம்பில் ஒரு துண்டு வெட்டி அந்த ஓட்டைக்குள் விட்டுக் குத்துங்கள். உப்பு அடைத்திருக்கலாம். கரையில் சும்மா கிடந்த நாளில் குளவி கூடு கட்டியிருக்கலாம். பிறகு கீழே தண்ணீர் உறிஞ்சும் சல்லடை: பாசி, பாலித்தீன், சொறிமீன் அடைத்திருக்கலாம். இவ்வளவும் சுத்தமாக இருந்தால்தான் பம்பின் மேல் சந்தேகப்பட வேண்டும்.

பம்பு கியர்பாக்ஸுக்கு மேலே, இஞ்சினிலிருந்து இறங்கும் தண்டில் கோர்த்த ஒரு சின்னக் கிண்ணம். உள்ளே இம்பெல்லர் என்கிற, இதழ் இதழாக உள்ள ரப்பர் சக்கரம். அது கிண்ணத்தின் நடுவில் இருக்காது, ஒரு ஓரமாகத் தள்ளியிருக்கும். அதனால் சுற்றும்போது இதழ்கள் ஒரு பக்கம் விரிந்து தண்ணீரை உறிஞ்சும், மறுபக்கம் மடங்கி மேலே தள்ளும். வேகம் கூடும்போது தண்ணீரின் எதிர்ப்பில் இதழ்கள் உள்வாங்கி, சுற்றுகிற வேகத்திலேயே தண்ணீரை வீசும். ஆகவே தேய்ந்த பம்பு மெதுவாக ஓடும்போதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஐட்லிங்கில் தாரை சொட்டுகிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் நன்றாக வருகிறது என்றால் இம்பெல்லர் தேய்ந்துவிட்டது. ஐட்லிங்கில் சரி, வேகத்தில் சூடு ஏறுகிறது என்றால் தண்ணீர்ப் பாதையில் எங்கோ அடைப்பு இருக்கலாம்.

வடகடலில் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டரைத் தாண்டாது. கரையோரச் சேற்றையும் மணலையும் காற்றாடி, அதாவது வள்ளத்தைத் தள்ளும் புரொப்பல்லர், கலக்க, அந்தத் தண்ணீரைத்தான் பம்பு குடிக்கிறது. எனவே நம் கரையில் வருடம் ஒருமுறை பம்பைத் திறப்பதே நல்லது. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தாலும் இதழ்கள் மடிந்த வாக்கிலேயே விறைத்துவிடும்.

பிரிக்குமுன் பிளக் வயரைக் கழற்றுங்கள். தண்டைத் திருப்பும்போது இஞ்சின் உதைத்தால் விரல் போகும். கியர் கம்பியின் இணைப்பை விடுவியுங்கள். சில மோட்டாரில் அது நடுத்தண்டின் பக்கவாட்டு மூடிக்குள் ஒளிந்திருக்கும். சிலவற்றில் காற்றாடிக்கு மேலே உள்ள துத்தநாகக் கட்டைக்கு அடியிலும் ஒரு போல்ட் உண்டு. கட்டையின் கோணத்தைக் கோடு போட்டு வைத்துக்கொண்டு கழற்றுங்கள். உப்பில் இறுகிய போல்ட்டை முறுக்கி உடைப்பதுதான் பாதி மோட்டாருக்கு எமன். அலுமினியத்துக்குள் ஸ்டீல் போல்ட், நடுவில் உப்புத் தண்ணீர். அரிக்காமல் என்ன செய்யும்? துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே ஊற்றுங்கள். அசையாவிட்டால் பெட்ரோல் டேங்கைத் தூரமாக வைத்துவிட்டு, சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கி, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள்.

கியர்பாக்ஸை நேராகக் கீழே இறக்கி, பம்பின் மூடியைத் திறந்ததும் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், அந்தத் துண்டு தண்ணீர்க் குழாயிலோ சிலிண்டர் ஹெட்டின் பாதையிலோ சிக்கியிருக்கும். அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால் தண்ணீர் வந்தும் மோட்டார் சுடும்.

ரப்பரை மட்டும் மாற்றி மூடுவதுதான் நம் பக்கத்து வழக்கம். அது அரை வேலை. கிண்ணத்தின் உள்சுவரை நகத்தால் தடவுங்கள். கோடு நகத்தில் தட்டினால் அதையும் மாற்ற வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடியிருந்தால் பிளாஸ்டிக் கிண்ணம் உருகியே இருக்கும். கீழே உள்ள ஸ்டீல் தகட்டுக்கும் இதே சோதனை. இடைவெளியில் தண்ணீர் ஒழுகினால் எவ்வளவு நல்ல ரப்பரும் உறிஞ்சாது. கேஸ்கட்டை ஏதோ ஒரு அட்டையில் வெட்டிப் போடாதீர்கள். தடிமன் கூடினால் ஒழுகும், குறைந்தால் இதழ் நசுங்கி இறுகும். தண்டையும் இம்பெல்லரையும் சேர்க்கும் கீ அரித்திருந்தால் தண்டு சுற்றும், இம்பெல்லர் நிற்கும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. தண்டில் உள்ள ஆயில் சீல்களையும் கையோடு பாருங்கள்.

பாகம் வாங்கும்போது இஞ்சினைப் பிடிக்கும் கிளாம்பின் தகட்டில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். எவின்ரூட் உற்பத்தி 2020-ல் நின்றுவிட்டது, ஜான்சன் அதற்கும் முன்னாலேயே. ஆனாலும் மாற்றுப் பாகங்கள் கிடைக்கின்றன. பழைய இம்பெல்லரைப் பக்கத்தில் வைத்து விட்டம், உயரம், கீ வெட்டு மூன்றையும் ஒப்பிடுங்கள். இதழைப் பிடித்துக்கொண்டு நடுவிலுள்ள உலோகத்தைத் திருகிப் பாருங்கள். ரப்பர் நழுவினால் அது மட்டமானது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது கீயைத் துளி கிரீஸில் ஒட்டவையுங்கள், நழுவி விழாது. இதழ்களில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைத் தடவி, மேலிருந்து பார்க்கத் தண்டைக் கடிகாரத் திசையில் சுற்றியபடி கிண்ணத்தை அழுத்துங்கள். இதழ்கள் சுற்றுக்குப் பின்னால் சாய்ந்து மடங்கும். பல்லுள்ள தண்டின் பக்கங்களில் கிரீஸ் வேண்டும். உச்சியில் வேண்டவே வேண்டாம், அங்கே தேங்கும் கிரீஸ் தண்டை முழுதாக ஏறவிடாது.

கியர்பாக்ஸை ஏற்றும்போது தண்டு, தண்ணீர்க் குழாய், கியர் கம்பி மூன்றும் ஒரே நேரத்தில் தத்தம் ஓட்டைக்குள் சேர வேண்டும். சேராவிட்டால் கியர் போட்டு, காற்றாடியை முன்னோட்டத் திசையிலேயே லேசாகத் திருப்பிப் பாருங்கள். இடைவெளி கையாலேயே மூட வேண்டும். போல்ட்டை முறுக்கி இழுத்து மூடினால் உறை உடையும், குழாய் வளையும். குழாயின் ரப்பர் வளையம் மடிந்தால் புது பம்பும் காற்றைத்தான் தள்ளும். போல்ட் மரைகளில் கடல் கிரீஸ் பூசினால் அடுத்த வருடம் ஸ்பானருக்கு வேலை சுலபம்.

சோதனைக்குப் பெரிய டிரம்மில் நல்ல தண்ணீர், காற்றாடிக்கு மேலுள்ள கிடைத்தகடு மூழ்குமளவு. காற்றாடியைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். வெறுமனே ஒரு நொடிகூடச் சுற்றவிடக் கூடாது, ரப்பருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். அரை நிமிடத்தில் தாரை வராவிட்டால் அணைத்துவிட்டு முதலில் குழாயின் வளையத்தைப் பாருங்கள். வந்தால் பத்து நிமிடம் ஓடட்டும், உள்ளே படிந்த உப்பும் கழுவிக்கொண்டு போகும். வணக்கம்.