பசி வந்தால் பறவையும் பறக்கும்

(நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே வந்திருக்கும் ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, பிள்ளைகளை வரிசை கலையாமல் கூட்டிவந்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, நூலகர் அவர்களே, மைக் செட் போட்ட தம்பி, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் துண்டு போர்த்தினீர்கள். நல்லதாய்ப் போயிற்று, முகம் துடைக்க ஆகும். ஒன்றியத் தலைவரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. போன கோடையில் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் வந்தது அவரால்தான். இதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் உண்டு, கடைசியில் தெரியும்.

சில பறவைகள் குளிர்காலத்தில் ஏன் ஊர்விட்டு ஊர் போகின்றன, சில ஏன் போவதில்லை, போகிறவற்றுக்கு வழி எப்படித் தெரிகிறது என்று மூன்று விஷயம் பேசப் போகிறேன். செங்கால் நாரையில் தொடங்குவேன் என்று தமிழாசிரியர்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும், நான் தபால்காரன். சைக்கிளில் போகும்போது கம்பியில் பார்த்ததைத்தான் சொல்லத் தெரியும்.

கார்த்திகை மாதம் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, வால் பிளந்த சின்னப் பறவை, அதுதான் தகைவிலான். எடை இருபது கிராம் இருந்தால் அதிகம். இமயமலைப் பக்கத்திலும் அதற்கு வடக்கிலும் கூடு கட்டிவிட்டு இங்கே வருகிறது. குளிர் தாங்காமல் வருகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதுதான் இல்லை. இறகு நல்ல கம்பளி. அதைவிடச் சின்ன உடம்புக் குருவிகள் பனி மூடிய காட்டிலேயே குளிர்காலத்தைக் கழித்துவிடுகின்றன. தகைவிலானின் தீனி பறக்கிற பூச்சி. பனிக்காலத்தில் அங்கே பூச்சி பறக்காது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். பத்தோடு பதினொன்றாகப் பறவையும் பறக்கிறது, அவ்வளவுதான்.

தங்குகிற பறவையின் கதையும் இந்த வயிற்றுக் கணக்குதான். சிட்டுக்குருவிக்குத் தானியம் போதும். காக்கைக்கு எது கிடைத்தாலும் போதும், கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் பார்த்தால் தெரியும். பூச்சி இல்லாத காலத்தில் விதையைத் தின்னத் தெரிந்த பறவை ஊரை விடுவதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பசி வந்த பிறகு பறவை கிளம்புவதில்லை. பகல் பொழுது குறுகும்போதே அதன் உடம்புக்குச் செய்தி போய்விடுகிறது. வயிறு முட்டத் தின்று, கொழுப்பைக் கட்டுச்சோறாகக் கட்டிக்கொண்டு புறப்படுகிறது. நாம்தான் பானை காலியான பிறகு பஸ் ஏறுகிறோம்.

இப்போது எங்கள் வீட்டு விருந்தாளி கதை. ஒரு ஐப்பசி விடியற்காலை. ராத்திரி முழுக்க மழை. அடுப்படியிலிருந்து என் மனைவியின் சத்தம்: "என்னங்க, கிளி வந்துருச்சு!" ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மிக்குப் பக்கத்தில் ஒரு பறவை ஒடுங்கிக் கிடக்கிறது. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், கண்ணுக்கு மை தீட்டியதுபோல் கறுப்புக் கோடு, வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. வாலோ, கத்தரித்து விட்டமாதிரி குட்டை. பத்து நிமிஷத்தில் தெருவே கூடிவிட்டது. கிளி என்றார்கள், மீன்கொத்தி என்றார்கள். "முருகன் வந்திருக்கான்" என்று எதிர்வீட்டு அப்பத்தா விபூதியே எடுத்துவந்துவிட்டது. ஒருவர் கூண்டோடு வந்து நின்றார். நெல் போட்டோம், தொடவில்லை. வாழைப்பழம் வைத்தோம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் கொல்லையில் ஈரமண்ணைக் கிளறி நாலு மண்புழு கொண்டுவந்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தது. அப்புறம் ஒரே கொத்து! கூட்டம் கைதட்டியது, சத்தியமாக.

கூடையைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணி போட்டு, பகலெல்லாம் அப்படியே விட்டோம். சாயங்காலம் கூடையைத் தூக்கியதும் தத்தித் தத்திக் கொல்லைப்புறச் சருகுக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில். அப்பத்தா கடிகாரத்தைப் பார்த்தது. மணி ஆறு. அன்றைக்குத்தான் எனக்குப் பெயர் பிடிபட்டது: ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ராத்திரியில் பறந்து தெற்கே, இலங்கை வரைக்கும் வருகிற பறவை. களைத்துப்போய் வீடுகளுக்குள் விழுவது அதன் வழக்கம். இங்கே அதற்கு வேண்டியது ஈரச் சருகும் அதற்குள் புழுவும். கூண்டுக்காரர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

வழி எப்படித் தெரிகிறது? 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கான் என்ற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்கும் இறங்காமல் பறந்தது. அதற்கு வயது ஐந்து மாதம்! சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தம் என்று பல கணக்கு இருக்கிறது. நேரம் இருந்தால் அதற்கு வருகிறேன்.

ஏனென்றால் நம் கண்மாய்க்கு வந்தாக வேண்டும். அங்கே வருகிற நத்தைகுத்தி நாரையை 'ஆஸ்திரேலியாக் கொக்கு' என்கிறோம். ஆஸ்திரேலியாவும் இல்லை, கொக்கும் இல்லை. இந்த நாட்டுப் பறவை. தண்ணீர் எங்கே, நத்தை எங்கே என்று தேடி வருகிறது. குளிருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கண்மாய் நிறைந்தால் நாட்டுக்கருவேல மரத்தில் கூடு கட்டும். நிறையாவிட்டால் போய்விடும். பசி வந்தால் பத்தும் பறந்து போகும். கண்மாய் வற்றிய வருஷங்களில் திருப்பூருக்குப் பறந்தவர்களின் மணியார்டரை வீடு வீடாகக் கொடுத்தவன் நான். எந்த மடைக்குக் கீழே எத்தனை வீடு பூட்டிக் கிடந்தது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இன்றைக்குப் பாதி தூரம் குப்பை. மீதியில் கட்டடம். இப்போது கண்மாய்க்குள் நிற்கிற நாட்டுக்கருவேல மரங்களையும் ஏலம் விடப்போவதாகப் பேச்சு. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குங்கள், நானே மண்வெட்டி எடுத்துவருகிறேன். கூடு இருக்கிற மரத்தை விட்டுவிடுங்கள். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே, வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே பிள்ளைகளே வெடியை விட்டுக்கொடுக்கிறார்கள். நாம் ஒரு ஏலத்தை விட்டுக்கொடுக்கக் கூடாதா? ஒன்றியத் தலைவர் அவர்களே, குடிதண்ணீர் தந்த கையால் இதையும் செய்யுங்கள்.

மணியடித்துவிட்டார்கள். மனு வாசல் பெஞ்சில் இருக்கிறது. பெயர், தெரு, கையெழுத்து போதும். பேனாவை நூலில் கட்டிவைத்திருக்கிறேன், தபால் ஆபீஸ் பழக்கம்.