இரண்டாம் ஆட்டமும் கடைசி பஸ்ஸும்

(தருமபுரியில் ஞாயிறு மாலைத் திரையிடல்களின் தொடக்க விழாவில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, தொடங்கிவைக்க வந்திருக்கும் நகராட்சி உறுப்பினர் அம்மா அவர்களே, வாடகை என்ற வார்த்தையையே எடுக்காமல் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளை எங்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கும் திரையரங்கு உரிமையாளர் அவர்களே, ஏழாம் வகுப்பில் எனக்குக் கணக்கு நடத்தியவரும் இன்றும் முன்வரிசையில் உட்கார்ந்து என்னை நடுங்கவைப்பவருமான ஆசிரியர் ஐயா அவர்களே, பஸ் விடுகிற துறையிலிருந்து வந்திருக்கும் அதிகாரி அவர்களே (அவர் படம் பார்க்கத்தான் வந்தார், பாவம்), தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். போன கூட்டத்தில் சவுண்ட் சர்வீஸ்காரரை விட்டுவிட்டேன். பாதிப் பேச்சில் மைக் நின்றுபோனது. ஆகவே சவுண்ட் சர்வீஸ் தம்பிக்குத் தனி வணக்கம்.

இந்த ஊரில் மேடை ஏறினால் அதியமானையும் நெல்லிக்கனியையும் சொல்லாமல் இறங்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். சொல்லிவிட்டேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று செய்திகள் பேசலாம் என்று குறித்து வந்தேன். ஏன் இந்த ஆறு படங்கள், பழைய படச்சுருள்கள் என்ன ஆயின, மூன்றாவதாக, பஸ்.

படப் பட்டியலைப் பார்த்த ஒரு நண்பர் கேட்டார்: "என்னய்யா, எம்.ஜி.ஆரும் வேணும், சத்யஜித் ராயும் வேணுமா? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசையா?" என் அம்மாவுக்குப் பிடித்த பழமொழி அது. கேழ்வரகு விளைகிற ஜில்லாக்காரர்கள் நாம், கூழைப் பற்றிப் பேச நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் எல்லோரும் அதைக் கேலிக்குச் சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், இரண்டுக்கும் ஆசைப்பட்டால் என்ன தப்பு? மீசையை ஒதுக்கிவிட்டுக் குடித்தால் போகிறது.

'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் பக்கத்துச் சேலத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவில்தான் இருந்தது, 1965-ல்தான் தனி மாவட்டம் ஆனோம். அதனால் அது நம் ஜில்லாப் படம் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். அதற்கு அடுத்த வாரம் ராயின் 'பதேர் பாஞ்சாலி'. சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' 1936-ல் வந்தது. ஓசூர் ஆலைகளில் ஷிப்ட் முடித்து வருகிற பிள்ளைகள் யாராவது அந்தப் பல்சக்கரக் காட்சியைப் பார்த்துவிட்டு, இது பழைய படம் என்று சொல்லட்டும், பார்ப்போம். பாலுமகேந்திராவின் 'வீடு' இருக்கிறது. பிளான் அப்ரூவலுக்கு அலைந்தவர்கள் கைக்குட்டையோடு வரவும். இன்றைக்கு 1954-ல் வந்த 'அந்த நாள்'. வீணை எஸ்.பாலச்சந்தர் இயக்கியது. பாட்டே கிடையாது. கதாநாயகன் ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் சாகிறான். சிவாஜியை வைத்துக்கொண்டு அப்படி ஒரு துணிச்சல்!

கடைசி வாரம் ஓர் ஈரான் படம், 1997-ல் மஜீத் மஜீதி எடுத்தது. ஒரு ஜோடி ஷூவை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுவார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸ்தான் ஞாபகம் வந்தது.

படச்சுருளைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. அதன் பிரதி இன்று நம்மிடம் இல்லை. புனேயில் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964-ல்தான். இதை விரிவாகப் பேச நினைத்தேன். ஆனால் படச்சுருள் என்றதும் அந்த டூரிங் டாக்கீஸ் கொட்டகைதான் கண்முன் நிற்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

கீற்றுக் கொட்டகை. பகலில் வெளிச்சம் உள்ளே விழும் என்பதால் முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம் மட்டும். தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலைக் கூட்டி மேடு கட்டி உட்காருவார்கள். பின்னால் உள்ளவன் அந்த மேட்டைக் கலைக்க, சண்டை வரும். பக்கத்து ஊரிலும் ஒரு கொட்டகை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே படப்பெட்டி. அங்கே ஓடிமுடிந்த ரீலை ஒரு பையன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு இங்கே ஓட்டிவருவான். ஒரு ரீல் சுமார் பத்து நிமிஷம் ஓடும், அதற்குள் அடுத்தது வந்து சேர வேண்டும்.

அன்றைக்குக் கடைசி இரண்டு ரீல் வரவில்லை. செயின் அறுந்ததோ, பையன் தூங்கிவிட்டானோ தெரியாது. திரை வெள்ளையாக நிற்கிறது. பீடிப் புகை, குழந்தை அழுகை, விசில், "காசைக் குடு" என்று கூச்சல். அப்போது ஆபரேட்டர் அண்ணன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரைக்கு முன்னால் வந்து நின்றார். "உக்காருங்க, மீதியை நான் சொல்றேன்" என்றார்.

சொன்னார். நடித்தார் என்றே சொல்ல வேண்டும். வில்லன் சிரிப்பு, கதாநாயகி அழுகை, குதிரைக் குளம்புச் சத்தம், எல்லாம் அவரே. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அம்மா பாத்திரம் சாகக் கிடக்கிறது, மகன் ஓடிவருகிறான், அம்மா கண் திறக்கிறாள், சுபம். கைதட்டல்! ஒருவரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் அதே படம். அம்மாவும் நானும் பார்க்கிறோம். கடைசியில் அந்தத் தாய் செத்துப்போகிறாள். என் அம்மா திடுக்கிட்டு எழுந்து, "இது தப்பான படம்டா. ஆபரேட்டர் சொன்னதுதான் சரி" என்றார். சாகும்வரை அதில் அவர் மாறவே இல்லை.

அந்த ராத்திரி கொட்டகையிலிருந்து வீட்டுக்கு மூன்று மைல் நடந்தோம். முன்னால் இரண்டு மாட்டு வண்டி, நடுவில் நாங்கள், பின்னால் பாடிக்கொண்டே வாலிபர் கூட்டம். யாரும் யாருக்கும் பயப்படவில்லை. இன்று அப்படி நடக்க முடியுமா? வண்டியும் இல்லை, கூட்டமும் இல்லை.

இப்போது மூன்றாவது செய்தி. அதிகாரி ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் கடைசி டவுன் பஸ் எட்டே முக்காலுக்குக் கிளம்பிவிடுகிறது. இன்றைய படம் முடிய ஒன்பதைத் தாண்டும், என் பேச்சையும் சேர்த்தால் இன்னும் தாண்டும். பெங்களூருக்குப் போக வேண்டுமா, சேலத்துக்குப் போக வேண்டுமா, ராத்திரி முழுக்கப் பெரிய பஸ் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிற ஊருக்கு இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒன்பதரைக்கு அந்த பஸ்ஸே இல்லையென்றால் இலவசம் எதில் ஏறும்? திரும்பிப் பாருங்கள், இந்த அரங்கில் இருக்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள். நான் இருபத்தொன்று எண்ணினேன், அதிலும் பாதிப்பேர் டவுனுக்குள்ளேயே குடியிருப்பவர்கள்.

சினிமாவுக்காக பஸ்ஸா என்று கேட்பீர்கள். ஜவுளிக்கடையில் நிற்கிற பெண், ஆஸ்பத்திரியில் ஆள் பார்த்துவிட்டு வருகிறவர், டியூஷன் முடிந்த பிள்ளை, எல்லோருக்கும் அதே பஸ்தான். படமும் வேண்டும், பத்திரமாக வீடும் சேர வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை, ஆமாம்!

ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது ஒன்பதரைக்கு ஒரு நடை கேட்டு மனு எழுதி, டிக்கெட் கவுண்டர் ஜன்னலில் வைத்திருக்கிறேன். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், தயவுசெய்து எடுத்துப்போக வேண்டாம். இன்றைக்கு மட்டும் இண்டூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேன் பேசியிருக்கிறோம், பதினான்கு பேர் உட்காரலாம். இடைவேளையில் பெயர் கொடுங்கள். அதிகாரி ஐயாவும் வந்தால் முன்சீட்டு அவருக்கு.

ஆபரேட்டர் ஜன்னலிலிருந்து கையாட்டுகிறார். விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.