பி.டி. பீரியடும் ரெண்டு தோசையும்

(பாளையங்கோட்டைல ஒரு ஸ்கூல்ல பெற்றோர் கூட்டத்துல பேசுனது. பேசுன மாதிரியே போடுதேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கவிய முன்னால வந்து உக்காருங்க, சேர் காலியாத்தான கெடக்கு. நான் டாக்டர் கிடையாது, 30 வருஷமா பி.டி. வாத்தியார். பிள்ளையளுக்கு எடை ஏன் கூடுதுன்னு பேசச் சொல்லியிருக்காவ. எனக்குத் தெரிஞ்ச மொத காரணத்த சொல்லிருதேன், கணக்கு வாத்தியார். சிரிக்காதீங்க, பரிட்சை வந்துட்டா என் பீரியட கடன் கேப்பாரு, இத்தன வருஷத்துல ஒரு கடன் கூட திரும்பி வந்ததில்ல.

5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைய தெனமும் சராசரியா 60 நிமிஷமாவது மேல்மூச்சு வாங்குத மாதிரி ஓடி ஆடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம பிள்ள என்ன செய்யுதான், நாலரைக்கு வேன்ல வாரான், அஞ்சு மணிக்கு ஸ்கூட்டர்ல டியூசன், ஏழரைக்கு வீடு, ஒம்பதரைக்கு சாப்பாடு, பொறவு செல்லு, படுக்க பதினொண்ணு ஆயிருது. 6 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் 9 மணி நேரமாவது தூங்கணும், தூக்கம் கொறைஞ்சா பசியத் தூண்டுத ஹார்மோன் கூடுது, மறுநாள் பூரா எதையாவது கொறிக்கச் சொல்லும். நான் சின்னப் பையனா இருக்கப்ப குறுக்குத்துறை ஆத்துல குதிச்சிட்டு வந்து பழைய சோத்தையும் சின்ன வெங்காயத்தையும் வெளுத்துக் கட்டுவோம். அந்தக் காலம் சொர்க்கம்னு சொல்ல வரல, பாதி வீட்டுல ராத்திரி அடுப்பே எரியாது.

இப்ப இந்த பாட்டிலப் பாருங்க. 300 மில்லி கலர். லேபிள்ல 100 மில்லிக்கு கிட்டத்தட்ட 10, 11 கிராம் சீனின்னு போட்டிருக்கான். ஏல, அந்த டம்ளரயும் ஸ்பூனையும் எடு, சத்தமா எண்ணுங்க எல்லாரும்... ஆறு, ஏழு, எட்டு. எட்டு ஸ்பூன்! காப்பில இத்தனையும் போட்டுக் குடுத்தா எந்த வீட்டுலயாவது குடிப்பாவளா? 1600 கலோரி தேவைப்படுத பிள்ளைக்கு, சேர்த்துக்கிடுத சீனி ஒரு நாளைக்கு 40 கிராம் தாண்டக் கூடாது, அதுல பாதியா இருந்தா இன்னும் நல்லது. இந்த ஒத்த பாட்டில்லயே 30க்கு மேல போயிட்டு. இன்னொண்ணு, சில பேரு கோவப்படுவிய, உடன்குடி கருப்பட்டின்னாலும் அது இனிப்புத்தான், சீனிக்குப் பதிலா கருப்பட்டி போட்டுட்டேன்னு ரெண்டு மடங்கு போடாதீங்க. பனங்கிழங்கு அவிச்சுக் குடுங்க, நுங்கு சீசன்ல நுங்கு குடுங்க, அதக் கேக்க ஆளில்ல.

ஸ்கூல் கேட்ல இருந்து 50 மீட்டருக்குள்ள கொழுப்பு, உப்பு, சீனி கூடுதலா உள்ள தின்பண்டம் விக்கக் கூடாதுன்னு 2020லயே விதி போட்டாச்சு. பல ஊர்ல கேட்டத் தாண்டுனதும் மொதக் கடையில சரம் சரமா தொங்குத அஞ்சு ரூபா பாக்கெட்டு எதுன்னு நீங்களே பாருங்க, நான் வேற சொல்லணுமா.

அல்வாவ எல்லாரும் திட்டுதாவ. பாவம் அது! திருநவேலிக்காரன் தெனமுமா அல்வா திங்கான்? வெளியூர்க்காரன் வந்தா வாங்கிக் குடுப்போம், அந்தச் சாக்குல நாமளும் இலையில ஒரு துண்டு. தெனமும் நடக்குதத பாக்கணும்.

ஒரு அம்மா வந்தாவ, பையன் அஞ்சாப்பு. “சார், ரெண்டு தோசைதான் திங்கான், எப்பிடி இப்பிடி சதை வச்சிட்டான்”னாவ. ஒருநா சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் கண்ணு செல்லுல, வாய் தானா தொறக்கு, ஆச்சி ஊட்டுதாவ, ரெண்டு முடிஞ்சு மூணாவது போகுது, அவனுக்கும் தெரியல, ஊட்டுத ஆச்சிக்கும் தெரியல, அவிய டிவில சீரியல் பாக்காவ. நான் எண்ணுனேன், நாலரை தோசை. பக்கத்துல சித்தப்பா “ஏல குண்டா, இன்னொண்ணு தின்னுல”ங்காரு. இந்தப் பட்டப்பேருதான் எனக்குப் பொறுக்காது. குண்டான்னு கூப்பிட்டா அவன் கிரவுண்டுக்கே வரமாட்டான், ஓடுனா பயலுவ சிரிப்பாவன்னு மூலையில உக்காந்துக்கிடுவான்.

நான் சொன்னது ரெண்டே ரெண்டு. சாப்பிடும்போது வீட்டுல ஒருத்தர் கையிலயும் செல்லு இருக்கக் கூடாது, அப்பா உள்பட. டியூசன வாரத்துல ரெண்டு நா நிறுத்திட்டு பையன எங்கிட்ட அனுப்புங்க. பட்டினி போடாதீங்கன்னும் சொன்னேன், வளருத பிள்ளைக்கு டயட்டுன்னு சோத்தக் கொறைச்சா வளத்தி கெட்டுப்போகும். மொத வாரம் ஒரே ரகளை, தட்டெல்லாம் பறந்திருக்கு.

எட்டு மாசம் கழிச்சு அந்தம்மா மூஞ்சிய தூக்கி வச்சிட்டு வந்தாவ. “ஒரு கிலோ கூட கொறையலியே சார்.” ரெஜிஸ்டர எடுத்துக் காட்டுனேன், எடை அப்பிடியே நிக்கி, உயரம் 4 சென்டிமீட்டர் ஏறியிருக்கு. பெரிய ஆளுக்கு எடை கொறையணும், பிள்ளையளுக்கு பல நேரம் எடை நின்னாலே போதும், உயரம் எட்டிப் பிடிச்சிரும், அதனாலதான் டாக்டருமாரு வயசுக்கேத்த உயரம், எடை சார்ட்டு வச்சுப் பாக்காவ. அந்தம்மாவுக்கு சார்ட்டு புரியல. “பேன்ட்டு கணுக்காலுக்கு மேல ஏறிட்டு, ஆனா இடுப்பு அப்பிடியே சரியா இருக்கு, அதான சார்?”ன்னு கேட்டாவ.

அதேதாம்மா.