எற்பாட்டு நேரத்து ராகம்

(குன்னூரில் ஒரு பிற்பகல் இந்துஸ்தானிக் கச்சேரிக்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

மணி மூன்றாகப் போகிறது. சாப்பிட்டுவிட்டுக் கண் செருகும் இந்த நேரத்தில் பாட்டுக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். மனசு நிறைந்திருக்கிறது.

கச்சேரி என்றால் மாலை ஆறு மணி என்று பழகிவிட்டோம். வேலை முடித்து வருகிறவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் அதனாலேயே பகல் ராகங்கள் மேடையை விட்டு நகர்ந்துவிட்டன. இந்துஸ்தானி மரபு, பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாளை மும்மூன்று மணி நேரமாக எட்டு பிரஹர்களாகப் பிரித்துவைத்திருக்கிறது. பிருந்தாவனி சாரங் நண்பகலுக்கு, பீம்பலாசி பிற்பகலுக்கு, முல்தானி வெயில் சாய்கையில். இருட்டிய பிறகு தொடங்கும் கச்சேரியில் பீம்பலாசிக்கு ஏது இடம்?

இது வடக்கத்தி வழக்கம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் அகப்பொருள் இலக்கணம் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்தது. இப்போது நாம் உட்கார்ந்திருக்கிற பொழுதுக்கு எற்பாடு என்று பெயர். அது நெய்தலுக்கு உரியது. உரிப்பொருள் இரங்கல், பண் செவ்வழி. கடற்கரையில் ஒருத்தி காத்திருந்து கலங்குகிற நேரம் இதுதான் என்று நம் முன்னோர் கண்டுவைத்திருக்கிறார்கள். தேவாரத்திலும் பகற்பண், இரவுப்பண், பொதுப்பண் என்று பிரிவு உண்டு. கர்நாடக மேடைதான் இந்தக் கணக்கை ஏறக்குறைய கைவிட்டது. மத்தியமாவதி நண்பகல் ராகம் என்பார்கள். இன்று அதை மங்களம் பாடுகிற ராத்திரி வேளையில்தான் பெரும்பாலும் கேட்கிறோம். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

இன்று முதலில் பீம்பலாசி. நம் காதுக்கு ஆபேரி மாதிரி இருக்கும். ஏறும்போது ரிஷபமும் தைவதமும் வராது, இறங்கும்போது ஏழு ஸ்வரமும் வரும். மத்தியமத்தில் வந்து நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். எத்தனை சுற்றினாலும் பாடகர் அங்கேதான் திரும்பி வருவார். வாசலில் யாரோ வருகிற மாதிரி இருந்து, எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை என்று தெரிகிற ஏக்கம் அந்த ஸ்வரத்தில் இருக்கிறது.

இந்த ராகத்தை எனக்குக் காட்டியவர் கிரானா என்கிற இந்துஸ்தானி இசைப் பரம்பரையின் (கரானாவின்) பாடகர் அப்துல் கரீம் கான். என் மாமா வீட்டு இசைத்தட்டில் கேட்டேன். 78 சுழற்சித் தட்டு, ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். அதற்குள் ஒரு பிற்பகலையே அடக்கிவிட்டார். அவருக்கும் நம் மண்ணுக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. கர்நாடக சங்கீதத்தை மதித்துக் கற்றவர், தியாகராஜர் கிருதியைப் பாடித் தட்டும் கொடுத்தவர். 1937-இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போகும்போது உடம்புக்கு முடியாமல் சிங்கப்பெருமாள்கோவில் நிலையத்தில் இறங்கினார். அந்த நிலையத்திலேயே உயிர் பிரிந்தது. அந்த வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் எழுந்து நிற்பேன்.

இனி தேநீர். கடைகளில் நாம் குடிப்பது சிடிசி தூள், அதாவது இயந்திரத்தில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய குருணை. பாலுக்கும் சர்க்கரைக்கும் ஈடுகொடுக்கும். அதன் அருமை வேறு. இன்று உங்கள் கைக்கு வரப்போவது இந்த மலையின் ஆர்த்தோடாக்ஸ் இலை, அப்படி நசுக்காமல் பழைய முறையில் உருட்டி உலர்த்தியது, டிசம்பர், ஜனவரிப் பறிப்பு. உறைபனிக் காலத்தில் செடி மெதுவாகத்தான் தளிர்விடும். அதனால் மணம் கூடும். பால் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். கொதித்த நீரை ஊற்றி மூன்று நிமிடம் மூடிவைத்தால் போதும். கான் சாகிபின் இசைத்தட்டு ஒரு பக்கம் ஓடி முடிகிற நேரம்! அதற்கு மேல் விட்டால் துவர்ப்பு ஏறிவிடும்.

ஆலாபனையும் அப்படித்தான் மெதுவாக இறங்கும். முதல் கால் மணி நேரம் மந்த்ர ஸ்தாயியை, அதாவது கீழ் ஸ்தாயியை, விட்டுப் பாடகர் மேலே வராமலும் இருக்கலாம். பொறுமையாக இருங்கள். அங்கேதான் ராகம் ஊறுகிறது.

நாலு மணிக்குச் சின்ன இடைவேளை, பிறகு முல்தானி. ஸ்வரங்கள் நம் சுபபந்துவராளியுடையவை, நடைதான் வேறு. தாழ்ந்த மத்தியமமான சுத்த மத்தியமம் விலகி, உயர்ந்த மத்தியமமான தீவிர மத்தியமம் தலைகாட்டினால் மாலை நெருங்குகிறது என்பது அவர்கள் கணக்கு. ஜன்னல் திரைகளைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன். வெளிச்சம் மாறுவதையும் மத்தியமம் மாறுவதையும் நீங்கள் சேர்த்தே உணர வேண்டும் என்பது என் ஆசை.

ஒரே ஒரு வேண்டுகோள். தம்புரா மீட்டத் தொடங்கியதும் கோப்பையைக் காலடியில் வைத்துவிடுங்கள். சாசரில் கோப்பை உரசும் சத்தம் சின்னதுதான், ஆனால் பாடகர் நிஷாதத்தைத் தொடுகிற நொடியில் அது நிஷாதத்தையே மறைத்துவிடும். மீதித் தேநீர் ஆறிவிடுமே என்ற கவலை வேண்டாம். நீலகிரித் தேநீர் ஆறினாலும் கலங்காது. இடைவேளையில் எடுத்துப் பாருங்கள், தெளிவாகவே இருக்கும்.

சுருதி சேர்ந்துவிட்டது. நான் இறங்கிக்கொள்கிறேன்.