ஐயாவுக்கும் அம்மாவுக்கும் ஏழு நாள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும், சிலர் லண்டன் கனடாவிலிருந்தும், ஒன்றரை இரண்டு வருட ஊழியத்துக்கென்று மட்டக்களப்புக் கிறிஸ்தவ சபைகளுக்கு வருகிற வயதான தம்பதிகளைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறேன். அவர்களை வரவேற்கிற சபைக் குழுக்களே முக்கியமாகக் கேளுங்கள். வந்த அன்று மாலை போடுகிறோம், சாப்பாடு கொடுக்கிறோம். அடுத்த திங்கட்கிழமை அந்த இரண்டு பேரும் என்ன செய்வார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை.

இந்தக் கரைக்கு வந்த முதல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட். 1814இல் வந்து, இன்றைக்கு மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிற்கிற பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி கப்பலிலேயே இறந்துபோனார். அவரும் ஒரு வருடம் முடியுமுன்னே, 1815 ஏப்ரலில் இங்கே கண்மூடினார். இப்போது ஆஸ்பத்திரி இருக்கிறது, மருந்து இருக்கிறது. ஆனால் வெயில் அதே வெயில்தான். அறுபத்தைந்து வயது உடம்பை அதற்குள் அனுப்பும்போது கணக்குப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

முதல் வேலை, ஒரு தாளை எடுத்து இரண்டு நிரல் போடுங்கள். ஐயாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அழைப்புக் கடிதம் ஐயாவின் பெயருக்குத்தான் போகிறது. ஆனால் ஞாயிறு பாடசாலை, பெண்கள் ஐக்கியம், வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேநீர், தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சோறு, இவை எல்லாம் யாரும் எழுதாமலே அம்மாவின் தலையில் விழும். மணித்தியாலங்களைக் கூட்டிப் பாருங்கள், பல இடங்களில் அம்மாவின் நிரல்தான் நீளம். சமையலுக்கு ஒருவரைச் சபையே ஒழுங்குபண்ணிக் கொடுப்பதை நான் உபகாரமாகப் பார்க்கவில்லை. அது சபையின் கடமை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டில் படுத்திருக்கிற நோயாளிகளுக்குத் திருவிருந்து கொண்டுபோவார்கள். மூன்று வீட்டுக்கு மேல் வேண்டாம், மற்றவர்களை அடுத்த ஞாயிறுக்கு வையுங்கள். திங்கள் முழு ஓய்வு. அன்றைக்குக் கதவைத் தட்டாதீர்கள், மரண வீடு தவிர. உடுப்புத் தோய்ப்பது, சந்தை, பிள்ளைகளோடு கதைப்பது எல்லாம் அன்றுதான். கனடாவில் பிள்ளைகள் இருந்தால், இங்கே மாலை ஏழு மணி என்பது ரொறன்ரோவில் கோடையில் காலை ஒன்பதரை, மாரியில் எட்டரை. அந்த நேரத்தில் கூட்டம் வைத்து அதைக் கெடுக்கக் கூடாது.

வீடு சந்திப்புக்குக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று, பின்னேரம் நாலரையிலிருந்து ஆறு. நேரத்துக்கு இரண்டு வீடு போதும். இதில் பெரிய சிக்கல் தேநீர். ஒரு வீட்டில் இரண்டு கரண்டி சீனி என்றால் நாலு வீட்டில் எட்டுக் கரண்டி, அதோடு பிஸ்கட்டும். சீனி வருத்தக்காரருக்கு ஒரு கிழமையிலேயே இரத்தத்தில் தெரிந்துவிடும். ஊற்றிக் கொண்டுவந்த பிறகு வேண்டாமென்றால் வீட்டுக்காரர் மனம் நோகும். கூட்டிக்கொண்டு போகிற சபையார் முதல்நாளே “சீனி போடாமல் தாங்க” என்று சொல்லிவைக்க வேண்டும். செவ்விளநீர் நல்லதுதானே என்பார்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும், லோசார்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் குளிசை எடுப்பவர்களும் அதை நாள்தோறும் குடிக்கக் கூடாது, பொட்டாசியம் ஏறும்.

சொல்லிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் “உங்களோடு பேசணும்” என்றால் இங்கே ஏசப் போகிறார் என்று பயப்படுவார்கள். கதைக்க வேண்டும் என்று சொல்லப் பழக்குங்கள். ‘மறுகா’ என்றால் பிறகு. ‘பாதையால போங்க’ என்றால் வாவியைக் கடக்கிற மிதவையையும் குறிக்கும்.

வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குப் போகிற நாளைத்தான் நன்றாக யோசித்து வைக்க வேண்டும். பெரும்போக அறுவடை நடக்கிற மாசி பங்குனியில் பகலில் ஆட்கள் வயலில். அதனால் கூட்டத்தை இரவில் வைப்போம் என்று சபை கேட்கும். ஆனால் வெல்லாவெளி போன்ற எல்லைப்புற ஊர்களில் இருட்டினால் யானை இறங்குகிறது. மோட்டார் சைக்கிளின் பின்னால் வயதானவரை ஏற்றிக்கொண்டு இரவு திரும்புவது வேண்டாத ஆபத்து. பின்னேரம் மூன்றரைக்குத் தொடங்கி ஐந்துக்கு முடியுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே தங்கவையுங்கள். வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு பயண நேரம் குறைந்துவிட்டது. அம்பிலாந்துறைக்குப் பாதையால் போவதானால் கடைசி ஓட்டம் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டுவைக்க வேண்டும்.

வியாழன் வேதபாடம், அதில் சொல்ல அதிகமில்லை. வெள்ளி உபவாச ஜெபம். சீனி வருத்தத்துக்குக் கிளிக்ளசைட் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் சீனி சடாரென்று இறங்கி, வியர்த்து, நடுங்கி, பிரசங்க மேடையிலேயே விழலாம். வைத்தியரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவிடாதீர்கள். சபை பார்க்கிறதே என்ற கூச்சத்தில்தான் பலர் இருந்துவிடுகிறார்கள். அந்தக் கூச்சத்தைச் சபைதான் எடுத்துப்போட வேண்டும்.

திறக்காத இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில், உறைகிற தட்டில் படாமல் இருக்க வேண்டும். பாவிக்கிற குப்பி வெளியே சுமார் நாலு கிழமை தாங்கும், ஆனால் 30 பாகைக்குக் கீழே. இங்கே வைகாசி ஆனி மத்தியானத்தில் தகரக் கூரை வீடு அதைத் தாண்டிவிடும். ஈர மணலில் மண்பானையை வைத்து, அதற்குள் குப்பியைத் துணியில் சுற்றி வைத்தால் மின்வெட்டு நாளிலும் சமாளிக்கலாம்.

சனிக்கிழமை ஐயா பிரசங்கம் ஆயத்தம் செய்கிற நேரத்தில் இரண்டு இளைஞர்கள் வந்து முற்றத்தைப் பார்க்கட்டும். பூச்சட்டித் தட்டு, பழைய ரயர், கூரைப் பீலி, தண்ணீர் தேங்குகிற எதையும் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் எடுக்கிறது, ஆகவே கிழமைக்கு ஒருமுறை போதும், ஆனால் ஒரு கிழமையும் தவறக் கூடாது. கார்த்திகையிலிருந்து மாசி வரை இன்னும் கண்டிப்பாக.

கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டுங்கள். இரண்டு பேரின் குளிசைகள், அளவு, ஒவ்வாமை, கிளினிக் நாள், பக்கத்து வீட்டுத் தொலைபேசி இலக்கம், இலவச அம்புலன்ஸ் 1990. வீட்டுக்கு வழி சொல்கிற இரண்டு வரியையும் தமிழிலும் சிங்களத்திலும் அதிலேயே எழுதுங்கள். புதிய ஊரில் இரவு ஒரு மணிக்கு, பதற்றத்தில், எந்தக் கோவிலுக்குப் பக்கத்து ஒழுங்கை என்று அவர்களுக்கு வாயில் வராது.